கில்ட் அணிந்து சாய்வு சைக்கிள் ஓட்டுவது எப்படி?

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் கொசுவம் வைத்த பாவாடை. சாதாரண சைக்கிளில் அதை அணிந்து போக அதிகம் கற்க வேண்டியதில்லை. உட்காரும்போது பின்பக்கக் கொசுவத்தை நீவிவிட்டால் போதும், முன்பக்கம் தானாகத் தொடைமேல் விழுந்து மூடிக்கொள்ளும். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஓட்டும் சாய்வு சைக்கிளில் அப்படி நடக்காது. கால் இரண்டும் முன்னால் நீட்டியிருக்கும். பல வண்டிகளில் பெடல் இருக்கையைவிட உயரத்தில் இருக்கும். எதிர்க்காற்று நேராக விளிம்புக்குள் நுழைய, துணி முழங்காலிலிருந்து இடுப்பை நோக்கிச் சரிந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இப்படித்தான் ஓட்டுகிறேன். எனக்கு ஒத்துவந்த முறையை எழுதிவைக்கிறேன். வண்டியின் முன்தண்டை (பெடல் பொருத்திய முன்நீட்டம்) உங்கள் கால் நீளத்துக்கு அமைப்பது, கில்ட்டின் பக்கிள் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்தக் கில்ட்?

எட்டு கஜக் கம்பளிக் கில்ட் கல்யாணத்துக்கு அழகு, சாய்வு இருக்கைக்கு ஆகாது. ஏழு மீட்டருக்கு மேற்பட்ட துணியில் பெரும்பகுதி பின்பக்கக் கொசுவத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே மேடு தட்டும். மழையில் நனைந்தால் கனமும் கூடும். நாலைந்து கஜத்தில் பாலி விஸ்கோஸ் என்ற செயற்கை இழைத் துணியில் தைத்த கில்ட்டையே நான் சொல்வேன். விலை குறைவு, வீட்டில் துவைக்கலாம், கிரீஸ் பட்டாலும் மனசு பதறாது.

வண்டியைத் தேர்ந்தெடுக்க வழியிருந்தால் பெடல் தாழ்வாக இருப்பதைப் பாருங்கள். ஹேண்டில்பார் மடிக்கு மேலே வரும் வகைதான் எனக்குப் பிடித்தது. இருக்கைக்குக் கீழே ஹேண்டில்பார் வரும் வகை கைக்குச் சுகம்தான். ஆனால் பக்கவாட்டுக் கொசுவம் பிடிக்குப் பக்கத்திலேயே தொங்கும். திருப்பும்போது மாட்டிக்கொள்ளும்.

உள்ளே என்ன போடுவது?

கறுப்பு நிறத்தில், தொடையோடு ஒட்டிய மெல்லிய சைக்கிள் ஷார்ட்ஸ். உள்ளே எதுவும் அணியாத மரபை இதற்குக் கொண்டுவர வேண்டாம். சாய்வு வண்டியில் பரந்த இருக்கை என்பதால் பஞ்சு வைத்த ஷார்ட்ஸும் தேவையில்லை.

இடுப்புப் பக்கிளை ஒரு துளை தளர்த்திக்கொள்ளுங்கள். கில்ட் தொப்புளையொட்டி உயரத்தில் கட்டுவது. சாய்ந்தால் பட்டை வயிற்றில் அழுத்தும். கில்ட்டின் முன்னால் தொங்கவிடும் ஸ்போரன் பை கனமாயிற்றே, துணியை அழுத்திப் பிடிக்குமே என்று தோன்றும். பிடிக்காது. தொடை மேல்நோக்கிச் சரிவாக இருப்பதால் பை வயிற்றை நோக்கி உருண்டு வந்துவிடும். அதைக் கழற்றிப் பின்பெட்டியில் வையுங்கள்.

துணியைப் பிடித்துவைப்பது

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பாவாடை அணிந்து சைக்கிள் ஓட்டும் பெண்களிடையே ஒரு காசு, ஒரு ரப்பர் பேண்டு வைத்துச் செய்யும் உத்தி ஒன்று உண்டு. அதைக் கில்ட்டுக்குக் கொஞ்சம் மாற்ற வேண்டும். கில்ட்டின் முன்பக்கம் இரண்டு அடுக்கு: உள் ஏப்ரன், அதன்மேல் வெளி ஏப்ரன். வெளி ஏப்ரனைத் தூக்கி இடுப்புப் பட்டையில் செருகிக்கொள்ளுங்கள். கால்களைச் சற்று அகட்டி நின்று, பின்பக்கக் கொசுவத்தின் நடுப்பகுதியை இரு கால்களுக்கும் நடுவே முன்னால் இழுங்கள். விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே, அந்தத் துணிக்குப் பின்னால் இரண்டு பென்ஸ் காசை வைத்து, உள் ஏப்ரனை அதன்மேல் கொண்டுவந்து, இரண்டு துணியையும் சேர்த்துக் காசைச் சுற்றி ரப்பர் பேண்டைப் போடுங்கள். உள்ளே மட்டும் தார்ப்பாய்ச்சியது போல ஆகிவிடும். இப்போது வெளி ஏப்ரனை இறக்கிவிட்டால் முன்னிருந்து பார்ப்பவருக்கு முழுக் கில்ட்தான் தெரியும்.

நின்றபடியே ஒரு முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். துணி இழுத்தால் முடிச்சை இரண்டு விரல் மேலே ஏற்றுங்கள். இழுப்பது நிற்கும்வரை ஏற்றிக்கொண்டே வரலாம், அதற்குமேல் வேண்டாம்.

அடுத்து வெளி ஏப்ரன். அதன் இடது ஓரம் கொசுவத்தோடு சேர்ந்தே இருக்கும். திறந்திருப்பது வலது ஓரம், நூல்குஞ்சம் விட்ட ஓரம். சைக்கிளின் செயினும் வலது பக்கம்தான். அதிலும் சாய்வு வண்டியின் செயின் முன்தண்டின் நுனியிலிருந்து இருக்கைக்கு அடியில் போய்ப் பின்சக்கரம் வரை நீளும், சாதாரண வண்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். காற்றில் அந்த ஓரம் புரண்டால் விழும் இடம் செயின்தான். கில்ட் ஊக்கைக் கொண்டு இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தாதீர்கள். அது வெளி அடுக்கில் மட்டும் குத்த வேண்டியது. சேர்த்துக் குத்திவிட்டு பெடல் மிதித்தால் துணி கிழியும். அதற்குப் பதில் வலது தொடையில், முழங்காலுக்கு நாலு விரல் மேலே ஓர் எலாஸ்டிக் பட்டை போட்டு, ஏப்ரனின் வலது மூலையை அதில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பால் மாட்டுங்கள். கால் அசையும்போது துணியும் கூடவே அசையும். உலோகக் கிளிப் வேண்டாம், துணியில் பல் பதியும்.

இவ்வளவு காற்று ஏன் உள்ளே வருகிறது என்பதற்கும் இந்த வண்டி வேகமாகப் போவதற்கும் காரணம் ஒன்றுதான், கால் முன்னால் நீண்ட அந்த அமர்வு. 1933 ஜூலையில் பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் இப்படிப்பட்ட வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த ஆஸ்கர் எக்கின் சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகையைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. கில்ட் உள்ளிட்ட ஹைலேண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) உடைக்கும் 1746 சட்டத்தால் தடை வந்து 1782 வரை நீடித்தது. இரண்டையும் இன்று தடையில்லாமல் ஒன்றாகப் பயன்படுத்த முடிவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

உட்காருவது

பிரேக் கைப்பிடியை ஒரு வெல்க்ரோ பட்டையால் இறுக்கிவிடுங்கள். இரண்டு கையும் வேண்டும். முன்தண்டின் இருபுறமும் கால் வைத்து நின்று, கொசுவத்தை இரு உள்ளங்கையாலும் கீழ்நோக்கி நீவியபடி மெதுவாகப் பின்னால் உட்காருங்கள். பக்கவாட்டில் மிஞ்சும் துணியைத் தொடைக்கு அடியில் தள்ளுங்கள். இரண்டு சக்கர வண்டியில் இருக்கைக்குப் பின்னாலேயே பின்சக்கரம் இருக்கும். ஒரு மடிப்புகூட அந்தப் பக்கம் தொங்கக்கூடாது. கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

கணுக்காலைச் சுற்றிக் கட்டும் நீளக் கயிறுள்ள கில்லி புரோக் காலணியும் வேண்டாம். அதன் குஞ்சம் முன் பல்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஆடும். பெடலில் பூட்டிக்கொள்ளும் சைக்கிள் ஷூவும் நீளக் கம்பளி சாக்ஸும் போதும்.

முதல் ஓட்டத்துக்கு யூனியன் கால்வாய்க் கரைப் பாதை நல்லது. 1822இல் திறந்த கால்வாய், ஒரே மட்டத்தில் வெட்டியது. அதனால் மேடு பள்ளம் இல்லாமல் ஃபால்கர்க் ஊர்ப் பக்கம்வரை போகலாம். ஸ்லேட்ஃபோர்டு நீர்ப்பாலத்தில் மட்டும் பாதை குறுகல், கல் பாவியது. அங்கே இறங்கித் தள்ளுங்கள். இறங்கும் முன் கிளிப்பைக் கழற்ற மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: கனமான கம்பளியில் காசு நழுவுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தட்டையான காசுக்குப் பதில் கோலிக்குண்டு வைத்து, ரப்பர் பேண்டுக்குப் பதில் தலைமுடி பேண்டைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகப் பிடிக்கிறது, துணியிலும் தடம் விழவில்லை. இப்போது பாலி விஸ்கோஸுக்கும் அதுவேதான்.

இன்னொன்று: முன்னால் இரண்டு சக்கரம் உள்ள மூன்று சக்கர வண்டிக்கும் இதே முறையா என்று ஒருவர் கேட்டார். காசு, கிளிப் எல்லாம் அதேதான். ஆனால் அதில் சக்கரங்கள் தொடைக்கு இருபுறமும் வருவதால் இரண்டுக்கும் மட்கார்டு கட்டாயம். பெடலில் ஷூவைப் பூட்டுவதும் கட்டாயம். ஓட்டத்தில் கால் நழுவித் தரையில் பட்டால் வண்டி அந்தக் காலின்மேல் ஏறி, உள்ளே இழுத்துவிடும். கில்ட் அணிந்தாலும் அணியாவிட்டாலும் இது பொருந்தும்.