வெளிநாடு போன ஊழல் பணம்: திருகோணமலையிலிருந்து முறைப்பாடு எழுதும் முறை

லண்டனிலோ டுபாயிலோ கிடக்கும் பணத்தைப் பொதுமக்கள் நேரே கேட்க முடியாது. அங்குள்ள வங்கிக்குக் கடிதம் போடவே வேண்டாம்; கணக்குக்காரர் காதுக்கு எட்டினால் பணம் வேறிடம் போய்விடும். முகநூலில் போட்டாலும் அதே கதைதான். இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இங்கே விசாரிக்க வேண்டும். பிறகு, குற்ற விசாரணையில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவுவதற்கான 2002ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டப்படி நீதி அமைச்சின் செயலாளர் வழியாக மற்ற நாட்டிடம் உதவி கேட்க வேண்டும்.

இலங்கை 2004இல் ஏற்ற ஐ.நா. ஊழல் எதிர்ப்புச் சமவாயத்தின் 46ஆம் உறுப்புரைப்படி, வங்கி இரகசியத்தைக் காரணம் காட்டி உதவியை மறுக்க முடியாது. ஆனால் குற்றத்துக்கும் பணத்துக்கும் தொடர்பு காட்டாத கோரிக்கையை எந்த நாடும் கிடப்பில் போட்டுவிடும். அந்தத் தொடர்பு பெரும்பாலும் உள்ளூர்க் கோப்பில்தான் இருக்கிறது.

குச்சவெளிப் பக்கம் ஒரு வீதி ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம், கேள்விப்பத்திர மதிப்பீட்டு அறிக்கை, கொடுப்பனவு வவுச்சர்கள் ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். ‘ஊழல் நடந்ததா’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஒப்பந்தக் கம்பெனியின் பங்குதாரர், பணிப்பாளர் விபரம் கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள படிவம் 15இல் இருக்கும். நிலாவெளியில் காணி வாங்கியிருந்தால் காணிப் பதிவகத்தில் தேடலாம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் கையில் இருந்தால் வேலை சுருக்கம்.

அதிகம் பிசகுவது பெயரில்தான். உறுதியில் முதலெழுத்தோடு தமிழ்ப் பெயர், கடவுச்சீட்டில் தகப்பன் பெயரோடு விரிந்த ஆங்கிலப் பெயர், வங்கியில் இன்னொரு எழுத்துக்கூட்டல். சண்முகநாதன் என்ற பெயரையே நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள். வெளிநாட்டு வங்கி ஆளைத் தேடுவது எழுத்துக்கூட்டலையும் பிறந்த திகதியையும் வைத்து. ஆகவே கண்ட எல்லா வடிவங்களையும், பழைய ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட அடையாள அட்டை எண், புதிய 12 இலக்க எண் இரண்டையும், எந்த ஆவணத்தில் எது என்ற குறிப்போடு எழுதுங்கள். திகதியில் மாதத்தை எழுத்தில் போடுங்கள். தொகைக்குப் பக்கத்தில் திகதி கட்டாயம்: 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், அதே ஆண்டு மே மாதம் 360 ரூபாய்.

வெளிநாட்டுத் தேடலில் பிரித்தானியக் கம்பெனிப் பதிவேடு இலவசம். பணிப்பாளரின் பிறந்த மாதமும் ஆண்டும் அதில் தெரியும். ஒரே பெயர்க்காரரைப் பிரித்தறிய அது உதவும். எல்லா நாட்டிலும் இந்த வசதி கிடையாது. வெளிநாட்டில் கம்பெனி வைத்திருப்பது மட்டும் குற்றமும் அல்ல.

இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கான முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். கண்டதையும் கேட்டதையும் தனித்தனியாக வையுங்கள். பொய்யென்று தெரிந்தே குற்றஞ்சாட்டுவதும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். இணைப்புகளுக்கு எண் இட்டுப் பிரதிகளை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மூலம் உங்களிடம் இருக்கட்டும். அந்த ஆணைக்குழுவை அழைப்பதானால் 1954.

பிரதேச சபைக்கோ திணைக்களத்துக்கோ எத்தனை ரூபாய் நட்டம் என்பதைத் தனிப் பந்தியாக எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சமவாயத்தின் 57ஆம் உறுப்புரைப்படி, கையாடப்பட்ட பொதுப் பணம் பறிமுதலானால் அதைக் கேட்ட நாட்டுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பெனி கொடுத்த இலஞ்சம் என்றால் அப்படியல்ல. அந்தச் சொத்து முன்பு தன்னுடையது என்றோ, தனக்கு நட்டம் வந்தது என்றோ இலங்கை காட்டியாக வேண்டும்.