கனடிய வண்ணத்துப்பூச்சி வெள்ளி நாணயங்கள்: தேர்ந்து வாங்குவதும் பழுதின்றிப் பேணுவதும்

கனடிய அரச நாணயச்சாலை 2004 முதல் 2006 வரை, ஆண்டுக்கு இரண்டாக, இந்நாட்டு வண்ணத்துப்பூச்சிகள் ஆறினை 50 சத வெள்ளி நாணயங்களில் பதித்து வெளியிட்டது. 2004இல் டைகர் சுவாலோடெயிலும் கிளவுடெட் சல்ஃபரும், 2005இல் மொனார்க்கும் கிரேட் ஸ்பாங்கிள்ட் ஃபிரிட்டிலரியும், 2006இல் ஷோர்ட்-டெயில்ட் சுவாலோடெயிலும் சில்வரி புளூவும் வந்தன. இயற்கை சார்ந்த வெள்ளி நாணயங்களைச் சேர்க்க விரும்பி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஆறினையே முதலில் சொல்வேன். எல்லையில்லாமல் நீளும் தொடர்களில் இறங்கிப் பாதியில் சலித்துப்போவதைவிட, முடிக்கக்கூடிய ஒன்றை முடித்துப் பார்ப்பதில் ஒரு பயிற்சி இருக்கிறது. வெள்ளி நாணயத்தில் செய்யக்கூடிய அலங்கார வேலைப்பாடுகளில் இரண்டு முக்கியமான வகைகளையும் இந்தச் சிறு தொடரிலேயே அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் உலோகக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்த 50 சத நாணயம் ஒவ்வொன்றும் 9.3 கிராம் எடையும் 27.13 மில்லிமீற்றர் விட்டமும் உடையது. 100 பங்கில் 92.5 பங்கு வெள்ளி, மீதி செம்பு. இதைத்தான் ஸ்டேர்லிங் என்கிறார்கள். 9.3ஐ 0.925ஆல் பெருக்கினால் சுமார் 8.6 கிராம் தூய வெள்ளி கிடைக்கும், அதாவது ஒரு பவுன் நிறைக்குச் சற்றுக் கூடுதல். அன்றைய வெள்ளி விலையில் ஒரு கிராமுக்கு என்ன என்று பார்த்துப் பெருக்கிக்கொண்டால் நாணயத்தின் உலோக மதிப்பு தெரிந்துவிடும். விற்பவர் கேட்கும் விலை பெரும்பாலும் அதைவிட நன்றாகவே கூடியிருக்கும். அந்தக் கூடுதல் தொகை முழுவதும் வேலைப்பாட்டுக்கும், பழுதில்லாத நிலைக்கும், பெட்டிக்கும், சான்றிதழுக்குமாக நாம் கொடுப்பது. வெள்ளியில் பணம் போட்டு வைப்பதே நோக்கம் என்றால் 99.99 வீதத் தூய்மையுள்ள சாதாரண மேப்பிள் இலை நாணயத்தை வாங்குவதே கெட்டிக்காரத்தனம். வண்ணத்துப்பூச்சியை வாங்குகிறவர் அந்த மேற்பரப்பை வாங்குகிறார். ஆகவே கீழே சொல்லப்படும் எல்லா எச்சரிக்கைகளும் அந்த மேற்பரப்பைப் பற்றியவையே.

மொனார்க்குக்கும் ஷோர்ட்-டெயில்டுக்கும் நிறம் பூசப்பட்டிருக்கிறது. சில்வரி புளூவிலும் ஃபிரிட்டிலரியிலும் ஹொலோகிராம் உண்டு. ஹொலோகிராமில் சாயம் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் ஒளியைப் பிரிப்பதால், நாணயத்தைச் சாய்க்கச் சாய்க்க நிறங்கள் ஓடுகின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் ஒன்று உண்டு: சில்வரி புளூவின் நீலமும் சாயத்தால் வந்ததன்று, சிறகுச் செதில்களின் நுண்ணமைப்பு ஒளியைக் கையாள்வதால் தோன்றுவது; மொனார்க்கின் செம்மஞ்சளோ உண்மையான நிறமிகளால் ஆனது. ஒன்றுக்கு ஹொலோகிராமும் மற்றதற்குச் சாயமும் வாய்த்தது வடிவமைத்தவர்களின் திட்டமா தற்செயலா, எப்படியிருந்தாலும் பூச்சியை அறிந்தவருக்கு அது தனி இன்பம்.

பூச்சியை அறிந்துகொள்வது வாங்குவதற்கும் உதவும். ஷோர்ட்-டெயில்ட் சுவாலோடெயில் நியூஃபவுண்ட்லாந்திலும் சென் லோரன்ஸ் வளைகுடாவைச் சுற்றிய கரைகளிலுமே வாழ்வது. ஏறத்தாழ முழுக்க முழுக்கக் கனடாவுக்கே உரிய இனம் என்பதால், ‘உள்நாட்டு’ என்ற சொல்லுக்கு இந்த ஆறில் மிகப் பொருத்தமானது அதுதான். மொனார்க் அப்படியன்று. தெற்கு ஒன்ராறியோவில் மில்க்வீட் செடியில், அதாவது நம்மூர் எருக்கின் உறவுச் செடியில், புழுவாக வளர்ந்து, இலையுதிர் காலத்தில் மெக்சிக்கோவின் மலைக்காடுகள் வரை பறந்து போவது. அது எங்கே போகிறது என்ற புதிரைப் பல பத்தாண்டுகளாகச் சிறகுகளில் சிறு தாள் ஒட்டித் தேடிய ஃபிரெட் ஏர்க்கார்ட் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் என்பதும், 1975 ஜனவரியில்தான் அந்தக் காடு கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் ஸ்காபரோவில் வாழும் தமிழர் பலருக்குத் தெரியாது. மொனார்க் என்று யாராவது எதையாவது விற்றால் பின்சிறகைப் பாருங்கள். குறுக்காக வளைந்து ஓடும் கறுப்புக் கோடு இருந்தால் அது மொனார்க்கைப் போலவே தோன்றும் வைஸ்ரோய் என்ற வேறு இனம். கனடாவின் பெயரில்லாமல், ஏதோ ஒரு தீவு நாட்டின் பெயரைத் தாங்கித் தனியார் நாணயச்சாலைகளில் அடிக்கப்படும் வண்ணத்துப்பூச்சி நாணயங்கள் சந்தையில் ஏராளம். அவற்றில் சில அழகானவைதாம், ஆனால் அந்தப் பூச்சி அந்த நாட்டில் பறப்பதுதானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆறையும் முடித்தவர்கள் 20 டொலர் நாணயங்களுக்குப் போகலாம். வழக்கமாக 38 மில்லிமீற்றர் விட்டமும் 31.39 கிராம் எடையும் கொண்ட 99.99 வீத வெள்ளி அவை. 2013இல் வந்த ஒன்றில், ஊதாக் கூம்புப்பூவின் மேல் ஈஸ்டர்ன் டெயில்ட் புளூ என்ற சிறு நீலப் பூச்சி வெனிஸ் கண்ணாடியால் செய்து பொருத்தப்பட்டிருக்கிறது. இத்தகையதை வாங்கும்போது கண்ணாடித் துண்டு அசைகிறதா, ஓரம் உடைந்திருக்கிறதா என்பதை மூடியைத் திறக்காமலே பல கோணங்களில் பாருங்கள். கனடாவில் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரியின் விதிகள் 99.9 வீதத்துக்குக் குறையாத வெள்ளியையே வரி விலக்குள்ள விலையுயர் உலோகம் என்று ஏற்பதால், 92.5 வீத 50 சத நாணயங்கள் அந்தச் சலுகைக்குள் வரமாட்டா என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வெளியீடுகள் என்பதால் நாணயக் கடைகள், நாணயக் கண்காட்சிகள், இணைய ஏலங்கள் ஆகியவற்றில்தான் இவற்றைத் தேட வேண்டும். இணையத்தில் விலை பார்க்கும்போது, கேட்கப்படும் விலையைப் பாராமல் விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள். கேட்பதற்கு யாருக்கும் எல்லை இல்லை. பெட்டியும் சான்றிதழும் இல்லாத நாணயம் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் பிறகு விற்கும்போது நீங்களும் மலிவாகவே விற்க வேண்டியிருக்கும்.

பார்வையிடும் முறை வருமாறு. ஒரே ஒரு விளக்கின் கீழ், அல்லது சன்னலோரத்தில், நாணயத்தை அதன் கப்ஸ்யூலோடு, அதாவது அதை மூடியிருக்கும் வட்டப் பிளாஸ்ரிக் கூட்டோடு, எடுத்து மெல்லச் சாயுங்கள். நேராகப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. சாய்க்கும்போதுதான், உருவத்தைச் சுற்றிக் கண்ணாடிபோல் மினுங்கும் வெறும் தளத்தில் (இதையே கண்ணாடித் தளம் என்கிறேன்) துடைத்த மயிர்க்கோடுகளும், நிறத்தின் விளிம்பில் பெயர்ந்த துகள்களும் வெளிச்சத்துக்கு வரும். என் முதல் மொனார்க்கை ஒரு விற்பனை மேசையில் மேலே வரிசையாக எரிந்த குழல் விளக்குகளின் கீழ் வாங்கி, வீட்டுக்கு வந்து மேசை விளக்கில் சாய்த்தபோதுதான் முன்சிறகின் நுனியில் கடுகளவு செம்மஞ்சள் பெயர்ந்து வெள்ளி தெரிவதைக் கண்டேன். விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. எட்டடி தள்ளி ஒரு சன்னல் இருந்தது, நான்தான் அங்கே போகவில்லை.

நிறத்தில் இன்னொரு பொறியும் உண்டு. சாதாரண மேப்பிள் இலை நாணயத்தின் மேலோ புழக்க நாணயத்தின் மேலோ வெளியார் யாரேனும் சாயம் ஏற்றி, ‘அபூர்வ வெளியீடு’ என்று விற்பதுண்டு. நாணயச்சாலையின் வேலையில் பொதுவாகச் சாயத்துக்கும் புடைப்புக்கும் ஒரு ஒத்திசைவு இருக்கும். சிறகின் நரம்பு உலோகத்தில் எங்கே எழுந்திருக்கிறதோ அங்கேயே சாயத்தின் கோடும் ஓடும். வெளியார் ஏற்றியதில் இலையின் புடைப்புகளை மூடிக்கொண்டு படம் தன் போக்கில் கிடப்பதைப் பூதக்கண்ணாடியில் காணலாம். ஆண்டையும் மறுபக்கத்தையும் பொருத்திப் பாருங்கள்: 2004 முதல் 2006 வரையான நாணயங்களில் எலிசபெத் அரசியாரின் முகமே இருக்க வேண்டும்.

போலியா என்று ஐயம் வந்தால், எடையைப் பார்க்க 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசும், விட்டத்தை அளக்கப் பிளாஸ்ரிக் கலிப்பரும், ஒரு காந்தமும் போதும். காந்தம் ஒட்டினால் அது வெள்ளியன்று. இதே 27.13 மில்லிமீற்றர் விட்டத்தில் உருக்கின் மேல் நிக்கல் பூசிய புழக்க 50 சத நாணயமும் இருப்பதால் இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். ஆனால் காந்தம் ஒட்டாததாலேயே வெள்ளி என்று முடிவுகட்டவும் வேண்டாம், செம்பிலும் ஈயத்திலும்கூடக் காந்தம் ஒட்டுவதில்லை. நீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்ப்பதும், தட்டி ஒலி கேட்பதும் பழைய புழக்க நாணயங்களுக்கு உரியவை. கண்ணாடித் தளமுள்ள நாணயத்தில் அவற்றைச் செய்தால் சோதனையில் வென்று பொருளை இழப்பீர்கள். விலை கூடியதாயின், ரொறன்ரோவில் 1986இல் தொடங்கிய ஐ.சி.சி.எஸ். போன்ற தரமிடும் நிறுவனத்திடம் கொடுக்கலாம். 50 சத நாணயங்களுக்கு அந்தக் கட்டணம் பெரும்பாலும் கட்டுபடியாகாது என்பது என் கருத்து.

இனிப் பேணுதல். நம் வீடுகளில் வெள்ளிச் சாமான் கறுத்தால் திருநீறும் ஈரத் துணியும் எடுத்துத் துலக்கிவிடுகிறோம். குத்துவிளக்குக்கு அது சரி. இந்த நாணயத்தில் அதை ஒருமுறை செய்தாலும் கண்ணாடித் தளம் முழுவதும் மயிர்க்கோடு விழுந்து, திரும்பச் சரிசெய்ய முடியாதபடி கெட்டுவிடும். புளியும் பற்பொடியும் கடையில் விற்கும் வெள்ளி துலக்கும் திரவமும் அப்படியே. இலேசான பொன்னிறக் கறை படிந்தால் அதை விட்டுவிடுங்கள். அசெற்றோனைப் பரிந்துரைப்பவர்கள் சாயமற்ற வெள்ளியை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். நிறம் பூசிய நாணயத்தில் அது சாயத்தையே கரைக்கக்கூடும்.

கறுப்புக்குக் காரணம் காற்றிலுள்ள கந்தகம். றப்பர் பட்டி, கம்பளித் துணி, செய்தித்தாள், மலிவான அட்டைப்பெட்டி ஆகியவை கந்தகத்தைக் கசியவிடும் என்பதால், அவை எதுவும் நாணயத்தின் அருகில் இருக்கக் கூடாது. மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பசையாகிப் பச்சைக் கறை ஏற்றும். கப்ஸ்யூலோ, பி.வி.சி. கலவாத மைலார் என்ற பிளாஸ்ரிக் உறையோ வாங்குங்கள். கப்ஸ்யூலைத் திறக்க நேர்ந்தால் மெத்தென்ற துணியை விரித்து, அதன் மேலே விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள். விரல்ரேகை ஹொலோகிராமின் நுண்வரிகளுக்குள் எண்ணெயாக இறங்கினால் அந்த இடத்தில் வானவில் மங்கிவிடும். திறந்த நாணயத்தின் மேல் குனிந்து பேசவும் வேண்டாம், தெறிக்கும் ஒரு துளி எச்சில் சில மாதங்களில் கரும்புள்ளியாகிவிடும்.

குளிர்காலத்தில் இன்னொரு கவனம் தேவை. காரில் உறைந்துகிடந்த பெட்டியையோ அப்போதுதான் வந்த தபால் பொதியையோ சூடான வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே திறந்தால், மூக்குக்கண்ணாடியில் படிவதைப் போல நாணயத்திலும் நீராவி படியும். பொதியை மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். நிலக்கீழ் அறையில் ஈரம் ஏறும், சமையலறையில் முட்டையும் வெங்காயமும் கந்தகத்தோடு வேகும். ஆகவே படுக்கையறை அலுமாரியே நல்ல இடம், உடன் சிலிக்கா ஜெல் பை ஒன்று. நிறம் பூசியவற்றை வெயில் படும் இடத்தில் சட்டமிட்டு மாட்ட வேண்டாம்.

வாங்கிய நாள், விலை, கண்ட குறை, சான்றிதழ் எண் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, இரு பக்கமும் படமெடுத்து வையுங்கள். வீட்டுக் காப்புறுதி கேட்டால் அதுவே சான்று. பெட்டியின் அடியிலும் ஒரு துண்டுத் தாளில் பூச்சியின் பெயரும் ஆண்டும் வாங்கிய விலையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். நாம் இல்லாத நாளில் அலுமாரியைத் திறக்கும் பிள்ளை நாணயத்தில் முதலில் படிக்கப்போவது ‘50 சதம்’ என்பதைத்தான்.