எம்1 சிப் மேக்புக் ஏர்ல இருந்து எம்4 ஏருக்கு மாறப்போறீங்களா?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி பழைய மேக்ல ஆக்டிவிட்டி மானிட்டர்ங்கற ஆப்பத் தொறந்து மெமரி டேபப் பாருங்க. நீங்க தினமும் ஓட்டுறது எல்லாத்தையும் ஓடவிட்டு, கீழ இருக்க அந்தக் குட்டி கிராஃப் பச்சையாவே இருந்தா அவசரமே இல்ல, அடிக்கடி மஞ்சள், செவப்புன்னு போச்சுன்னா மாத்துறதுல அர்த்தம் இருக்கு. என்னோடது 2020 எம்1, 8 ஜிபி மெமரி, குரோம்ல இருபது டேபும் ஒரு வீடியோ காலும் சேந்தாலே மஞ்சளாயிடும், டைப் பண்ற எழுத்து கொஞ்சம் லேட்டா வந்து விழும்.

2025 மார்ச்ல வந்த எம்4 ஏர் ஆரம்ப மாடலே 16 ஜிபி, எனக்கு சிப்பவிட இதான் பெருசு. எம்1ல வெளி மானிட்டர் ஒண்ணுதான், இதுல லேப்டாப் மூடி தொறந்திருக்கும்போதே ரெண்டு போடலாம். சார்ஜருக்குத் தனியா மேக்சேஃப்ங்கற காந்த போர்ட் இருக்கறதால ரெண்டு போர்ட்டும் ஃப்ரீ, ஒயர்ல கால் மாட்டினாலும் அது மட்டும் கழண்டுக்கும், சின்னப் பசங்க ஓடுற வீட்ல இதோட அருமை தெரியும். ஆனா கையில எம்3 16 ஜிபி இருந்தா தயவுசெஞ்சு காசச் செலவு பண்ணாதீங்க. பேட்டரி மட்டும்தான் பிரச்சனைன்னா அத மட்டும் மாத்துங்க, செட்டிங்ஸ்ல பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழ போயிருக்கான்னு பாத்தாலே தெரிஞ்சிடும்.

சரி, வாங்கியாச்சு. பழசுல மேக்ஓஎஸ் அப்டேட் முடிச்சிட்டு, ஒரு ஹார்ட் டிஸ்க்ல, மேக்லயே இருக்க டைம் மெஷின் வச்சு பேக்கப் எடுத்துடுங்க, இதுல சோம்பேறித்தனமே கூடாது. புதுச மொதல் தடவ ஆன் பண்ணும்போதே வேற மேக்ல இருந்து டேட்டா எடுக்கவான்னு கேக்கும், அங்கயே சரின்னு சொல்லிடுங்க, அப்பறம் பாத்துக்கலாம்னு புது அக்கவுன்ட் ஒண்ணு போட்டுட்டு பின்னாடி டேட்டா மாத்துற மைக்ரேஷன் அசிஸ்டன்ட் ஆப்ப ஓட்டினா ரெண்டு யூசர் ஆகி ஃபைல் எது எங்கன்னு தேடிட்டு இருக்கணும். வைஃபைல விட்டா ராத்திரி பூரா ஓடும், நான் அப்படித்தான் ஒக்காந்திருந்தேன், ரெண்டு மேக்கையும் நேரா இணைக்க தண்டர்போல்ட் கேபிள் யார்கிட்டயாவது கடன் வாங்கியாவது போடுங்க.

முடிஞ்சதும் பேங்க் லாகின், பிரின்டர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வச்சிருந்தா அதோட டிரைவர் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா ஓட்டிப் பாருங்க. தமிழ் 99, அஞ்சல் ரெண்டு கீபோர்டும் மேக்லயே இருக்கு, தனியா எதுவும் போட வேணாம். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ண ஃபைல் இருந்தா மட்டும் தொறந்து எழுத்து சரியா வருதான்னு பாத்துக்கோங்க.

பழச ஒரு வாரமாவது அப்படியே வச்சிருங்க, ஏதோ ஒண்ணு விட்டுப்போனது அஞ்சாவது நாள்தான் ஞாபகம் வரும். அப்பறம் செட்டிங்ஸ், ஜெனரல் உள்ள போயி இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ் குடுங்க, ஆப்பிள் அக்கவுன்ட் (முன்னாடி ஆப்பிள் ஐடி) பாஸ்வேர்ட் கேக்கும், போட்டு முடிச்சாத்தான் மேக்க உங்க அக்கவுன்ட்டோட கட்டி வச்சிருக்க ஆக்டிவேஷன் லாக் போகும், இல்லன்னா வாங்கிட்டுப் போறவங்க அத ஆன் பண்ணிட்டு உங்களுக்குத்தான் ஃபோன் அடிப்பாங்க.