பெரிய ரேட்டிங் ஆளிடம் டிரா வாங்குவது: மூன்று முறை விதி, படிப்படியாக

செஸ்ஸில் ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரலாம், அதுதான் மூன்று முறை விதி. ஸ்விஸ் முறை (யாரும் வெளியேறாமல் எல்லாச் சுற்றும் ஆடும் முறை) டோர்னமென்ட்டில் முதல் சுற்று என்றால் ரேட்டிங் பட்டியலின் மேல் பாதியோடு கீழ்ப் பாதி மோதும். 1480 ரேட்டிங்கில் இருந்த எனக்கு அன்று வந்தவர் 1880. எனக்கு ஒரு குதிரை குறைவு. ஆனாலும் என் ராணி இ8, எச்5 கட்டங்களில் மாறி மாறி செக் வைக்க, அவர் ராஜா ஜி8-க்கும் எச்7-க்கும் போய்ப் போய் வந்தது. டிரா கையில் இருந்தது. கோரும் முறை தெரியாமல் விட்டேன்.

முதலில், ஒரே நிலை எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். அதே காய்கள், அதே கட்டங்கள், அதே ஆளின் முறை. காசிலிங் உரிமையும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் உரிமை) மாறியிருக்கக் கூடாது. மூன்று தடவையும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை.

அடுத்ததுதான் நான் தவறிய இடம். மூன்றாம் தடவை இ8-இல் செக் வைத்து, கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கையைத் தூக்கினேன். "இப்போது அவர் முறை, நீங்கள் கோர முடியாது" என்றார் நடுவர். எதிராளி யானையை எஃப்8-இல் குறுக்கே வைத்தார். ஆட்டம் போயிற்று.

சரியான வரிசை இது: காயைத் தொடாதீர்கள். தொட்டால் அந்த நகர்வில் டிரா கோரும் உரிமை போய்விடும். வைக்கப்போகும் நகர்வை ஸ்கோர்ஷீட்டில் (நகர்வுகளைக் குறிக்கும் தாளில்) எழுதுங்கள். நகர்த்தும் முன் எழுதக் கூடாது என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். டிரா கோருவதற்கு அதில் விலக்கு உண்டு. பிறகு கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்து, "இந்த நகர்வால் இதே நிலை மூன்றாம் முறை வரும்" என்று சொல்லுங்கள். எதிராளியின் நகர்வாலேயே மூன்றாம் முறை வந்திருந்தால் எழுதத் தேவையில்லை, நேராகக் கோரலாம்.

கோரிக்கை தவறென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்வையே ஆட வேண்டும். பயப்படாதீர்கள். வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5 என்று கணக்கிட்டால், 400 ரேட்டிங் புள்ளி இடைவெளியில் நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது 0.08தான். கே (ரேட்டிங் மாற்றத்தைக் கணக்கிடும் பெருக்கெண்) 20 என்றால் டிராவுக்கு ரேட்டிங் 8.4 புள்ளி ஏறும், தோற்றால் 1.6 இறங்கும்.

பின்சேர்க்கை: "ஆன்லைனில் தானாகவே டிரா ஆகிறதே?" என்று இருவர் கேட்டார்கள். சில தளங்களில் அப்படித்தான். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, பலகையில் ஐந்தாம் முறை அதே நிலை வந்தால்தான் யாரும் கேட்காமலே டிரா. மூன்றாம் முறைக்கு நாம் வாய் திறந்து கேட்க வேண்டும்.