தன்னார்வலர் இணையத் திட்டத்தைத் தொடங்குமுன்: ஒரு செய்முறை விளக்கம்

பலர் சேர்ந்து ஊதியமின்றி வளர்க்கும் அகராதி, வரைபடம், பாடநூல் தொகுப்பு என ஏதோ ஒன்றைத் தொடங்க நினைத்ததும் டொமைன் வாங்கத்தான் பலருக்கும் கை துறுதுறுக்கும். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

படி 1: ஒரு பக்க முன்மொழிவு

திட்டத்தில் எவை இடம்பெறும், எவை இடம்பெறா என்று எழுதுங்கள். இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். பின்னாளில் வரும் சச்சரவுகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு, இதே வேலையை ஏற்கெனவே இருக்கும் ஒரு திட்டத்தின் பகுதியாகச் செய்ய முடியாதா என்று பாருங்கள். கற்றல் பொருள்களுக்கான விக்கிவர்சிட்டி, முதலில் பாடநூல்களைத் தொகுக்கும் விக்கிநூல்கள் திட்டத்துக்குள்தான் வளர்ந்தது. அதைத் தனித் திட்டமாக்கும் முன்மொழிவை இத்திட்டங்களையும் விக்கிப்பீடியாவையும் நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் வாரியம் 2005-இல் திருத்தி வரச் சொன்னது. 2006 ஆகஸ்டில்தான் அது தனியே தொடங்கியது. திருப்பி அனுப்பப்படுவது அவமானமல்ல. எல்லையைத் தெளிவாக்கக் கிடைத்த வாய்ப்பு.

படி 2: உரிமம்

பங்களிப்புகளை மற்றவர்கள் எந்த நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம் என்று சொல்வதே உரிமம். முதல் பங்களிப்பு வருவதற்கு முன்பே முடிவாக வேண்டியது இது ஒன்றுதான். மற்ற எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எழுதியவரிடமே பதிப்புரிமை இருப்பதால், உரிமத்தை மாற்ற நினைத்தால் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டிவரும். தன்னார்வலர்கள் வரையும் உலக வரைபடமாக 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலிருந்து தரவுத்தளங்களுக்கான திறந்த உரிமத்துக்கு 2012 செப்டம்பரில் மாறியது. அதற்காகப் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். சம்மதம் தராதவர்களும் பதிலே அனுப்பாதவர்களும் வரைந்த சாலைகளை நீக்கிவிட்டு மறுபடி வரைய வேண்டியிருந்தது. புதிதாக ஓர் உரிமத்தை நீங்களே எழுத முயலாதீர்கள். புழக்கத்தில் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு, சேமிக்கும் பொத்தானுக்கு அருகிலேயே அதன் பெயரைப் போடுங்கள்.

படி 3: சோதனைக் களம்

புதிய மொழியில் விக்கிப்பீடியா வேண்டுமென்றால் உடனே தனித் தளம் கிடைக்காது. புதிய மொழிப் பதிப்புகளைச் சோதித்துப் பார்க்க 2006-இல் தொடங்கிய விக்கிமீடியா அடைக்காப்பகத்தில் முதலில் கட்டுரைகளை எழுதிக் காட்ட வேண்டும். மென்பொருளின் முக்கியமான இடைமுகச் சொற்களை மொழிபெயர்த்திருக்க வேண்டும். அங்கே தொடர்ந்து வேலை நடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விக்கிமீடியாவின் மொழிக் குழு முடிவெடுக்கும். நீங்களும் இதையே சிறிய அளவில் செய்யலாம்: பொதுவான ஒரு விக்கித் தளத்தில் ஒரு மூலையோ, பகிரப்பட்ட விரிதாளோ போதும். அங்கே ஐம்பது பதிவுகளைச் சேருங்கள். உங்கள் வடிவமைப்பு எங்கே இடிக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

படி 4: ஆதரவை எண்ணாதீர்கள், வேலையை எண்ணுங்கள்

வாக்கெடுப்பு வைத்தால் "ஆதரவு" என்று கையொப்பமிடப் பெருங்கூட்டமே வரும். அதற்குச் செலவு ஏதுமில்லையே! அவர்களில் எத்தனை பேர் சோதனைக் களத்தில் ஒரு வரியாவது எழுதினார்கள் என்று பாருங்கள். ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் புதிய கேள்வி பதில் தளங்களைத் தேர்ந்தெடுக்க 2010-இல் கொண்டுவந்த 'ஏரியா 51' முறையில், ஆர்வம் தெரிவிப்பது ஒரு கட்டமாகவும், பங்கேற்பதாக உறுதியளிப்பது அடுத்த கட்டமாகவும் இருந்தன. அதையும் தாண்டிய பிறகே சோதனைத் தளம் கிடைத்தது.

இன்னும் கறாரான ஓர் உரைகல் உண்டு. தொடங்கியவர் இரண்டு வாரம் எதையும் தொடாமல் ஒதுங்கியிருக்கட்டும். அப்போதும் புதிய பதிவுகள் வந்தால், பிழைகளை யாரோ திருத்தினால், திட்டம் தயார். ஒன்றுமே நகரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது கூட்டுமுயற்சி அல்ல, தனிமனித உழைப்பு. அதிலும் குற்றமில்லை, ஆனால் அதற்கு நிர்வாகக் குழுவும் வாக்கெடுப்பும் தேவையில்லை.

படி 5: விதிகள்

குறைவாக வையுங்கள். 2000-இல் தொடங்கிய நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம், ஒவ்வொரு கட்டுரையையும் ஏழு கட்டங்களில் சரிபார்த்தது. 2003-இல் மூடப்பட்டபோது முடிந்த கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. அதற்குத் துணையாக 2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியாதான் நிலைத்தது.

படி 6: வெளியேறும் வழி

பலர் சேர்ந்து எழுதிய விக்கிட்ராவல் என்ற பயணக் கையேட்டுத் தளம் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, அதிருப்தியடைந்த ஜெர்மன் பங்களிப்பாளர்கள் 2006-இல் பிரிந்து விக்கிவாயேஜைத் தொடங்கினார்கள். உள்ளடக்கம் திறந்த உரிமத்தில் இருந்ததால்தான் அதைக் கையோடு எடுத்துச்செல்ல முடிந்தது. 2013-இல் அது விக்கிமீடியாவின் திட்டமாகவே ஆனது. ஆகவே முழுத் தரவையும் யார் வேண்டுமானாலும் பதிவிறக்க முதல் நாளே வழி செய்யுங்கள். சர்வரின் கடவுச்சொல்லும் டொமைன் கணக்கும் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். காப்புப் பிரதியை வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டுப் பார்த்துவிட்டுத் தொடக்க நாளை அறிவியுங்கள்.