அப்பா அம்மாவுக்கு டிவிடி பிளேயர் வாங்கும் முன்

முதலில் வீட்டு அலமாரியைத் திறந்து, அங்கே என்ன படத் தட்டுகள் (டிஸ்க்குகள்) இருக்கின்றன என்று பாருங்கள். பழைய படங்கள் பெரும்பாலும் விசிடியில் (வீடியோ சிடி) இருக்கும், ஒரே படம் இரண்டு மூன்று தட்டுகளாக. அப்படியானால் பிளேயரின் பெட்டியில் 'விசிடி' என்று எழுதியிருந்தால்தான் வாங்குங்கள். ப்ளூ-ரே தட்டு ஒன்றிரண்டு இருந்தாலும் சாதா டிவிடி பிளேயர் உதவாது. டிவிடி பிளேயரின் சிவப்பு லேசரால் ப்ளூ-ரே தட்டைப் படிக்க முடியாது.

அடுத்து டிவியின் பின்பக்கம். எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒரே கேபிள் போதும். பழைய டிவி என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் உள்ள கேபிள் தேவை. மஞ்சள்தான் படம், அதை மாற்றிச் செருகினால் சத்தம் மட்டும் வரும், பெற்றோர் 'மெஷின் போச்சு' என்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புவோர் மண்டல எண்ணை (எந்த நாட்டுத் தட்டுகள் அந்த பிளேயரில் ஓடும் என்பதைக் காட்டும் எண்) கவனிக்கவும்: இந்தியா, இலங்கைக்கு 5, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3, அமெரிக்காவுக்கு 1. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயரே நிம்மதி. அமெரிக்காவில் வாங்கினால் 110-120 வோல்ட் மட்டுமா என்றும் பாருங்கள். நம்மூர் 230 வோல்ட்டில் புகைந்துவிடும்.

ரிமோட்டை விட்டுவிடாதீர்கள். பொத்தான் பெரிதாக, எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். கொடுக்கும் முன் மின்கலம் போட்டு, ஒரு தட்டை ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.