விக்கிப் பக்கத்துக்குள் காலக்கோடு: பாம்பன் பாலத்தை வைத்து ஒரு செய்முறை

முதலிலேயே சொல்லிவிடலாம், தள்ளிப் பார்க்கும் காலக்கோட்டைப் பக்கத்துக்குள் பதிப்பது விக்கிப்பீடியாவில் நடக்காது. அங்கே வெளித்தளம் எதையும் ஐஃப்ரேமில், அதாவது பக்கத்துக்குள் வேறு தளத்தைக் காட்டும் சட்டகத்தில், கொண்டுவர முடியாது. அங்குள்ள ஈசிடைம்லைன் நீட்சி அசையாத படத்தைத்தான் வரைந்து தரும். கீழே வரும் முறை நீங்களோ உங்கள் குழுவோ சொந்த சர்வரில் நடத்தும் மீடியாவிக்கிக்கானது (விக்கிப்பீடியா இயங்கும் அதே மென்பொருள்). அதன் அமைப்புகள் இருக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பைத் திருத்தும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும்.

காலக்கோட்டுக்கு டைம்லைன்ஜேஎஸ் போதும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலுள்ள நைட் லேப் இதை இலவசமாகத் தருகிறது. நிகழ்வுகளை கூகுள் ஷீட்டில் எழுதிவிட்டால், தள்ளித் தள்ளிப் பார்க்கும் காலக்கோடாக அது காட்டிவிடும்.

ஷீட்

நைட் லேப் தளத்திலுள்ள மாதிரி ஷீட்டை நகலெடுத்துக்கொள்ளுங்கள். வெற்று ஷீட்டில் தொடங்க வேண்டாம். முதல் வரிசையில் உள்ள ஆங்கிலத் தலைப்புகளை வைத்துத்தான் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று நிரல் கண்டுகொள்கிறது. 'இயர்' என்பதை 'ஆண்டு' என்று மாற்றினால் காலக்கோடு திறக்காது. வேண்டாத நெடுவரிசைகளையும் நீக்காதீர்கள், காலியாகவே கிடக்கட்டும். நிகழ்வுகளுக்கு நடுவே வெற்று வரிசையும் கூடாது.

ஆண்டு, மாதம், நாள் மூன்றும் தனித்தனிக் கட்டங்கள், மூன்றிலும் எண் மட்டுமே. 'பிப்ரவரி' என்று எழுதினால் பிழை வரும், 2 என்று எழுதுங்கள். பாம்பன் ரயில் பாலம் திறந்த நாளுக்கு 1914, 2, 24. கட்டுமானம் தொடங்கியது 1911 ஆகஸ்டில். நாள் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக இருப்பது உறுத்துகிறதே என்று 1 போட்டால், வாசகருக்கு 'ஆகஸ்ட் 1' என்று காட்டும். பிறகு யாராவது அதை எடுத்து வேறு கட்டுரையில் போடுவார்கள். காலக்கோடுகளில் பொய்த் தேதிகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன.

பாலத்தைச் சிதைத்த 1964 புயல் இன்னொரு சிக்கல். டிசம்பர் 22 இரவு தொடங்கி 23 விடியும்வரை நடந்ததை ஒரே நாளில் அடைக்க முடியாது. தொடக்க நாளில் 22, முடிவு நாளில் 23 போடுங்கள். 'டிஸ்ப்ளே டேட்' கட்டத்தில் 'டிசம்பர் 22–23, 1964 இரவு' என்று எழுதினால், கோட்டில் இடம் எண்களின்படி அமையும், கண்ணுக்கு உங்கள் வாசகம் தெரியும். 2022 டிசம்பரில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்தது வரையான இடைவெளிக்கும் இப்படித் தொடக்கம், முடிவு இரண்டும் கொடுத்தால் நீண்ட பட்டையாக வரும்.

'டைப்' கட்டத்தில் ஆங்கிலத்தில் 'டைட்டில்' என்று போட்ட வரிசை முகப்பு அட்டையாகும். அதற்குத் தேதி தேவையில்லை. மொத்தம் இருபது அட்டைகளுக்குள் நிறுத்துங்கள். நைட் லேப் சொல்வதும் அதுதான், வாசகரின் பொறுமையும் அவ்வளவுதான்.

முடித்ததும் ஃபைல் மெனுவில் ஷேர், அதற்குள் 'பப்ளிஷ் டு வெப்'. இணைப்பைப் பகிர்வது வேறு, இது வேறு. பகிர்ந்துவிட்டோமே என்று இதை விட்டுவிடுவதால்தான் பலருக்கு வெறும் பெட்டி வருகிறது. பிறகு நைட் லேப் பக்கம் கேட்கும் முகவரியை அங்கே ஒட்டினால் ஐஃப்ரேம் வரி கிடைக்கும். மொழியைத் தமிழாக்கிக்கொள்ளுங்கள், மாதப் பெயர்கள் தமிழில் வரும். அந்த வரியில் 'சோர்ஸ்' என்பதற்கு அடுத்த சமக்குறியிலிருந்து அடுத்த 'அண்ட்' குறிவரை (&) இருப்பது உங்கள் ஷீட்டின் அடையாளக் குறியீடு. விக்கியில் நமக்கு வேண்டியது அது மட்டும்.

விக்கி

மூல எச்டிஎம்எல்லை அனுமதிக்கும் அமைப்பு மீடியாவிக்கியிலேயே உண்டு. அதைத் திறக்காதீர்கள். திருத்த முடிந்த எவரும் எந்த ஸ்கிரிப்டையும் பக்கத்தில் வைத்துவிடலாம். அதற்குப் பதில், உரிமை உள்ளவர்கள் மட்டும் எச்டிஎம்எல் துண்டுகளை எழுதிவைக்க விடும் விட்ஜெட்ஸ் நீட்சியை நிறுவுங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் அடைவில் போட்டு, அதற்குள் கம்போசர் என்ற நிறுவும் கருவியை ஓட்டி, ஸ்மார்ட்டி என்ற வார்ப்புரு நிரலை இறக்கி, லோக்கல்செட்டிங்ஸில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. பெரும்பாலும் மாட்டுவது 'கம்பைல்டு டெம்ப்ளேட்ஸ்' அடைவில்தான். வெப் சர்வர் அதில் எழுத முடியாவிட்டால் விட்ஜெட் இருக்கும் பக்கங்களில் பிழைச் செய்தி வரும்.

விட்ஜெட் பெயர்வெளியில் (பெயர் 'Widget:' என்று தொடங்கும் பக்கங்கள்) 'காலக்கோடு' என்று ஒரு பக்கம் தொடங்குங்கள். தமிழ்ப் பெயர் தாராளமாகச் செல்லும். நிர்வாகியாக இருந்தும் திருத்த முடியவில்லையென்றால், பயனர் உரிமைகள் பக்கத்தில் உங்களை விட்ஜெட் எடிட்டர் குழுவில் சேருங்கள். பக்கத்தில் ஐஃப்ரேம் வரியை 'இன்க்ளூட்ஒன்லி' குறிகளுக்குள் ஒட்டி, அடையாளக் குறியீடு இருந்த இடத்தில் மட்டும் ஸ்மார்ட்டி மாறியை வையுங்கள். கூடவே 'எஸ்கேப்' வடிகட்டியும், அதன் 'யூஆர்எல்' வகையில், கட்டாயம். முழு முகவரியையும் மாறியாக விட்டால் யார் வேண்டுமானாலும் எந்தத் தளத்தையும் உங்கள் விக்கிக்குள் கொண்டுவருவார்கள். முகவரியின் முன்பகுதி விட்ஜெட்டிலேயே நிலையாக இருக்கட்டும். அகலம் 100 விழுக்காடு, உயரம் 650 பிக்சல்.

கட்டுரையில் இரட்டை நெளி அடைப்புக்குள் ஹேஷ் குறியுடன் விட்ஜெட் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, 'காலக்கோடு', செங்குத்துக் கோடு (|), மாறியின் பெயர், சமக்குறி, அடையாளக் குறியீடு. இவ்வளவுதான். குறியீட்டுக்குள் விழுக்காட்டுக் குறியும் 3ஏ-வும் (%3A) வந்தால், அந்த இடத்தில் முக்காற்புள்ளி போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் வடிகட்டி விழுக்காட்டுக் குறியை மறுபடி மாற்றி, முகவரி கெட்டுவிடும்.

தகவற்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அகலம் குறைந்தால் காலக்கோடு கைபேசி வடிவத்துக்குச் சுருங்கிவிடும். பெட்டி முடிந்த பிறகு தனி வரியில், முழு அகலத்தில் வையுங்கள்.

ஷீட்டில் திருத்தியது தெரிய சில நிமிடங்கள் ஆகலாம். அதற்காக விக்கிப் பக்கத்தை பர்ஜ் செய்து (சேமித்துவைத்த பழைய நகலை அழித்து) பயனில்லை, விக்கியிடம் இருப்பது வெறும் சட்டகம். விட்ஜெட் பக்கத்தைத் திருத்தியபோது மட்டும் பர்ஜ் செய்யுங்கள்.

இதில் ஒரு பெரிய குறையும் உண்டு. ஷீட்டில் யார் எதை மாற்றினாலும் விக்கியின் வரலாற்றுப் பக்கத்துக்குத் தெரியாது, விக்கித் தேடலிலும் அகப்படாது, அச்சிட்டால் ஒரே ஒரு அட்டைதான் வரும். அதனால் காலக்கோட்டுக்குக் கீழே அதே நிகழ்வுகளைச் சாதாரண விக்கி அட்டவணையாகவும், ஒவ்வொரு தேதிக்கும் சான்றோடு போடுங்கள். திருத்தம் முதலில் அட்டவணையில், பிறகே ஷீட்டில். ஷீட்டைத் திருத்தும் உரிமை குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும்.